இலகு பாதைக்கு ஓர் ஆள்

"நாற்பது நிமிடமா?" மிஸ் பார்லோ படிவத்தைப் பார்த்தாள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு சண்முகலிங்கத்தின் முழங்காலைப் பார்த்தாள். "ஒன்றரை மணித்தியாலமாவது பிடிக்கும் என்று நினைத்தேன்."

அவள் முகம் சுருங்கியது. பாதியில் திரும்பி வந்து பொய் எழுதியதாக நினைக்கிறாள் என்று சண்முகலிங்கத்துக்குச் சுருக்கென்றது.

"முழுக்கச் சைக்கிளில் ஓடினேன், மிஸ்."

"அது சரி. எங்கே இளைப்பாறினீர்கள்? அந்தக் கேள்விக்கு 'இல்லை' என்று போட்டிருக்கிறீர்களே?"

"எனக்கு இளைக்கவில்லை."

அவள் பெருமூச்சு விட்டாள். "நாளைக்கு இன்னொரு தடவை போய் வாருங்கள். அவசரமே இல்லை."

ஐம்பத்து நான்கு வயதில் கிடைத்த வேலை அது. ஸ்காபரோ ஏரிக்கரையிலும் பள்ளத்தாக்கிலும் மேட்டு வெளியிலுமாக மூன்று சைக்கிள் பாதைகள்: இலகு, நடுத்தரம், கடினம். 'எல்லோராலும் ஓடலாம்' என்று ஒரு கையேடு வரப்போகிறது. அதற்காகச் சைக்கிளில் ஓடிப்பார்த்துப் படிவம் நிரப்பும் ஆள் சண்முகலிங்கம். இப்போதைக்குத் தற்காலிகம். நிரந்தரமாக்கிக் கடிதம் தந்தால்தான், கொழும்பில் ஒரு லொட்ஜ் அறைக்குள் அடைந்து கிடக்கும் மகள் அருள்மலரைக் கனடாவுக்கு ஸ்பொன்சர் செய்யலாம். அது 1986. அங்கே ஒரு தமிழ்ப் பிள்ளை வெளியே போய்த் திரும்பி வரும்வரை தாய்க்கும் தகப்பனுக்கும் மூச்சு வராத காலம்.

வேலை கிடைத்ததே அதிசயம். நேர்முகத்துக்குப் போன மார்ச் மாதத்து நாளில், அலுவலக வாசற்படியில் பனி வழுக்கி, மிஸ் பார்லோவின் கண் முன்னாலேயே குப்புற விழுந்தார். இரவல் கோட்டு தலையை மூடிக்கொண்டது. நொண்டிக்கொண்டுதான் உள்ளே போனார். நல்லவேளையாக, யாழ்ப்பாணத்து நில அளவைப் பகுதி மேலதிகாரி கொடுத்த நற்சான்றுக் கடிதம் சட்டைப் பையில் இருந்தது. இருபத்திரண்டு வருடம் காடு, மேடு, கடற்கரையெல்லாம் சைக்கிளில் திரிந்து அளந்தவர் என்று அவர் ஆங்கிலத்தில் எழுதி, வாசித்துக் காட்டி, அரக்கு முத்திரை வைத்துக் கொடுத்தது. அதை அப்படியே மேசையில் வைத்தார். மறுநாளே வேலை. இந்த நாட்டில் திறமைக்கு மதிப்பு இருக்கிறது என்று அன்றைக்கே மகளுக்கு எழுதிப் போட்டார்.

"அவ என்னைக் கள்ளன் எண்டு நினைக்கிறா," என்றார், டோர்செட் பார்க் வீட்டுக்கு வந்ததும்.

மனைவி பாலேஸ்வரி முட்டைக் கோப்பியை அடித்துக்கொண்டே கேட்டாள். "அப்ப சாட்சி வைச்சு ஓடுங்கோவன்?"

மறுநாள் முப்பத்தினான்கு நிமிடம். கூடவே ஆறு கையெழுத்து.

"யார் இவர்கள்?" என்றாள் மிஸ் பார்லோ.

"மூன்றாவது வளைவில் மீன் பிடிக்கிறவர், மிஸ். இவர் நாயோடு வந்தவர். இவர் பொலிஸ்காரர், மெல்லப் போகச் சொல்லி மறித்தவர்."

மிஸ் பார்லோ நெற்றியில் கை வைத்தாள். "எங்கேயாவது பயமாக இருந்ததா? முழங்கால் நொந்ததா? கொஞ்சமாவது?"

"இல்லவே இல்லை!"

பாவம், எவ்வளவு அக்கறை என்று நினைத்தார்.

அன்று படியிறங்கும்போது, அங்கே தட்டச்சு வேலை செய்யும் மன்னார்ப் பிள்ளை வேரோனிக்கா வழிமறித்தாள். "அங்கிள், கொஞ்சம் ஆறுதலா ஓடினால் என்ன? இடையில இருந்து மூச்சு வாங்கினனான் எண்டு எழுதுங்கோவன்."

"பொய் எழுதச் சொல்லுறியோ, பிள்ளை? நான் அரசாங்கக் கச்சேரியில வேலை செய்தவன்!"

தன்னைக் கவிழ்க்கப் பார்க்கிறாள் என்று முடிவு கட்டினார். அடுத்த நாள், யாரும் கேட்காமலே, கடினப் பாதையை எடுத்தார். ஏரியோரத்து மேட்டில் இளந்தாரிகள் இறங்கிச் சைக்கிளை உருட்டிய இடத்தில் இவர் மிதித்து ஏறினார். சும்மா விடவில்லை, சரிவையும் அளந்து, 'கடினம் என்பது தவறு, இதுவும் இலகுதான்' என்று சிவப்பு மையில் திருத்தி, வரைபடத்தை மிஸ் பார்லோவின் மேசையில் விரித்தார்.

வெள்ளிக்கிழமை கூப்பிட்டாள். "மன்னிக்கவேண்டும். இந்த வேலைக்கு நீங்கள் பொருத்தமில்லை."

"வயதா, மிஸ்?"

அவள் வரைபடத்தைச் சுருட்டி அவரிடம் நீட்டினாள். சண்முகலிங்கத்துக்குக் கோபம் தலைக்கேறியது. வெளியே போய்ச் சைக்கிளை எடுத்து, இரண்டு கையையும் நெஞ்சில் கட்டிக்கொண்டு, அவளுடைய யன்னலுக்குக் கீழே மூன்று சுற்றுச் சுற்றினார். நான்காவது சுற்றில் யன்னல் திரை கீழே இறங்கியது.

வேரோனிக்கா அவருடைய சாப்பாட்டுப் பெட்டியையும் ஒரு கடித உறையையும் எடுத்துக்கொண்டு கீழே வந்தாள்.

"பிள்ளைக்கு இனி நான் என்னத்தையம்மா எழுதுறது?" என்றார் சண்முகலிங்கம். "இருபத்திரண்டு வருஷம்! எல்லாம் அந்தக் கடிதத்தில கிடக்கு. அதை வாசிச்சுத்தானே எடுத்தவ? பிறகென்ன குறை கண்டவ?"

வேரோனிக்கா உறையை அவர் கையில் வைத்தாள். அரக்கு முத்திரை வைத்தபடியே இருந்தது.

"உந்த முத்திரையை ஒருத்தரும் உடைக்கேல்லை, அங்கிள். நீங்கள் வாசல்ல விழுந்ததைக் கண்டிட்டு, இந்த மனிசனே ஓடினால் எல்லாரும் ஓடுவினம் எண்டுதான் உங்களை எடுத்தவ."