முட்டியும் முட்டையும்

மச்சானுக்கு முட்டியில் ஆபரேஷன் என்ற செய்தி வந்ததும் கண்ணாடிக்காரருக்குச் சுருக்கென்று வலித்தது. முட்டியில் அல்ல, பின்பக்க அறையில்.

அந்த அறைதான் அவருடைய சொர்க்கம். பகலெல்லாம் மூக்குக்கண்ணாடிக் கடையில் நின்று, "இந்த எழுத்து தெரியுதா? அந்த எழுத்து தெரியுதா?" என்று ஊரார் கண்ணைச் சோதிப்பார். சாயங்காலம் வந்து அந்த ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டாரானால், வீடு இடிந்தாலும் எழுந்திருக்க மாட்டார். வெளியே தோட்டம். கம்பத்தில் ஒரு தீனித்தட்டு. எதிர்ச்சுவரில் ஒரு குருவிப்பெட்டி. பலகையோடு தன் விரலையும் கொஞ்சம் அறுத்துக்கொண்டு அவரே செய்தது. தட்டுக்குப் பறவைகள் வந்தன, தின்றன, போயின. பெட்டிக்கு மட்டும் ஒன்றும் குடிவரவில்லை.

"அண்ணன் ஒரு மாசம் நம்ம வீட்லதான் இருக்கப்போறார்," என்றாள் மனைவி. "மாடி ஏற முடியாது. பின்பக்க ரூம்தான் வசதி."

மச்சான் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். போகும்போது ஒலிபெருக்கியைத் திருப்பிக் கொடுத்தார், குரலைக் கொடுக்கவில்லை. அதுவும் எதையும் இரண்டு தடவை சொல்வார். "காபி ஆறிக்கொண்டிருக்கிறது. காபி ஆறிக்கொண்டிருக்கிறது." அந்தக் குரல் ஜன்னலோரம் ஒரு பொழுது ஒலித்தால் போதும், பறவைகள் அத்தனையும் அடுத்த ஊருக்கு டிக்கெட் எடுத்துவிடும்.

தலையே போனாலும் அறையை விடுவதில்லை என்று கண்ணாடிக்காரர் முடிவு கட்டினார்.

"அடடா! இப்பப் பார்த்தா ஆபரேஷன் வரணும்? பெட்டியில குருவி முட்டை போட்டிருக்கே!"

"எப்போ?"

"இப்பத்தான். காலையில."

"நான் பாக்கலியே?"

"நீ பார்த்துட்டிருந்தா அது போடுமா? கூச்சமா இருக்காது? மனுஷக் குரல் கேட்டாப் போதும், தாய்க்குருவி முட்டையை விட்டுட்டு ஓடிடும். அந்தப் பாவம் நமக்கு எதுக்கு?"

மனைவி ஒரு வங்கியின் புகார்ப் பிரிவில் வேலை பார்ப்பவள். ஊர்ப்பட்ட புளுகையெல்லாம் போனில் கேட்டு, "அப்படிங்களா சார்?" என்று பணிவாகச் சொல்லிப் பழகியவள். இப்போதும் அதே குரலில், "அப்படிங்களா?" என்றாள். கண்ணாடிக்காரர் அங்கேயே சுதாரித்திருக்க வேண்டும்.

அவள் அண்ணனுக்குப் போன் போட்டாள். நடுவில் விழுந்து விழுந்து சிரித்தாள். வந்து, "சொல்லிட்டேங்க. குருவியை நல்லாப் பாத்துக்கச் சொன்னார்," என்றாள்.

அவருக்கு முட்டி, எனக்கு முட்டை என்று மனசுக்குள் கெக்கலித்தபடி கண்ணாடிக்காரர் தூங்கப்போனார்.

மறுநாள் டிவியைப் போட்டார். உடனே அணைந்தது.

"முட்டை!" என்றாள் மனைவி.

குளிக்கும்போது பாடினார். கதவு தட்டப்பட்டது. "தாய்க்குருவி நடுங்குதுங்க."

சாப்பிட உட்கார்ந்தார். தட்டில் ஒரு கேரட்டும் ஒரு வெள்ளரிக்காயும் பச்சையாகப் படுத்திருந்தன.

"சமைக்கலியா?"

"குக்கர் விசில் அடிக்குமே."

"நறுக்கியாவது வெச்சிருக்கலாமே?"

"கத்திச் சத்தம் எதுக்குன்னு விட்டுட்டேன்."

பின்பக்க அறைக்குப் போனார். பூட்டு தொங்கியது. "நீங்க மூச்சு விட்டாலே இரைச்சல். அது பயந்துடும்," என்றாள். ராத்திரிக் குறட்டைக்கும் அதே தீர்ப்பு. படுக்கை முன்பக்கக் கூடத்துக்கு, தெரு நாய்களின் துணைக்கு மாறியது. அந்த வாரம் முழுக்க இல்லாத முட்டையை இருக்கிற மனுஷன் அடைகாத்தார்.

கடைசியில் பசி ஜெயித்தது. தோட்டத்திலிருந்து ஓடி வந்தார்.

"குஞ்சு பறந்துடுச்சு!"

"அதுக்குள்ளயா? முட்டை போட்டே ஒரு வாரந்தானே ஆச்சு?"

"இந்தக் காலத்துக் குஞ்சுங்க. எல்லாத்துலயும் அவசரம்."

"நல்லதாப் போச்சு. அண்ணனை இன்னிக்குத்தான் ஆஸ்பத்திரியில இருந்து அனுப்பறாங்க. டாக்ஸி தெருமுனைக்கு வந்தாச்சு."

பூட்டைத் திறந்தாள். உள்ளே கட்டில் போட்டு, விரிப்பு விரித்து, பிடித்து நடக்கச் சுவரில் கைப்பிடிகூட அடித்திருந்தது. எல்லாம் அவர் கடைக்குப் போயிருந்த நேரத்து வேலை.

"வணக்கம் மாப்பிள்ளை. வணக்கம் மாப்பிள்ளை," என்றபடி மச்சான் கைத்தடியோடு வந்து ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். குரல் மட்டும் இளைக்கவில்லை.

"மச்சான், தப்பா நெனைக்காதீங்க. எதுக்கு எல்லாத்தையும் ரெண்டு தடவை சொல்றீங்க?"

மச்சான் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வேலைப் பழக்கம் ரிட்டயரானதும் விட்டுப்போச்சு மாப்பிள்ளை. என் வீட்டுக்காரி போய்ச் சேர்ந்தப்புறம்தான் திரும்ப ஒட்டிக்கிச்சு. வீட்ல ஒண்ணு சொன்னா பதில் வராது. யாரோ பதில் சொன்ன மாதிரி இருக்கட்டும்னு நானே இன்னொரு தடவை சொல்லிக்குவேன்."

இதை ஒரே ஒரு தடவைதான் சொன்னார்.

கண்ணாடிக்காரர் உள்ளே போய்த் தன் பைனாகுலரை எடுத்து வந்தார். லென்ஸைத் துடைத்து, மச்சானின் கண்ணுக்குத் தோதாகத் திருகி, அவர் கையில் கொடுத்தார். இன்றுவரை அதை வேறு யாரையும் அவர் தொடவிட்டதில்லை.

"தட்டுல நாலஞ்சு குருவி நிக்குது மாப்பிள்ளை!" என்று முழங்கினார் மச்சான். ஒரு குருவிகூட அசையவில்லை.

"உங்க குரலுக்குப் பயப்படலியே, மச்சான்!"

"குருவியா? எங்க ஸ்டேஷன்ல வருஷா வருஷம் ஒலிபெருக்கிக்குள்ளயேதான் கூடு கட்டும். தங்கச்சிகிட்டக்கூட அன்னிக்குப் போன்ல சொன்னேனே. கேட்டுட்டு என்னமாச் சிரிச்சா!"

கண்ணாடிக்காரர் மெல்லத் திரும்பினார். வாசற்படியில் மனைவி துண்டு மடித்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் தெரிஞ்சுமா என்னைப் பச்சைக் காய்கறி தின்ன வெச்சே?"

"நீங்க சொன்ன வார்த்தையை நானே மதிக்கலைன்னா வேற யாருங்க மதிப்பாங்க?"

பிறகு ஒரு நாள், கடையைச் சீக்கிரமே அடைத்துவிட்டு வந்தவர் அறை வாசலில் அப்படியே நின்றார். ஒரு குருவி வைக்கோல் துணுக்கைக் கவ்விக்கொண்டு பெட்டிக்குள் நுழைந்தது. நிஜக் குருவி! அண்ணனும் தங்கையும் ஜன்னலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மச்சான் வாழ்க்கையிலேயே முதல்முறையாகக் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்காரர் இரண்டு தலைகளுக்கு நடுவே எட்டி எட்டிப் பார்த்தார்.

"வந்துட்டீங்களா?" என்றாள் மனைவி, திரும்பாமலே. "அப்படியே போய் ரெண்டு காபி போட்டு எடுத்துட்டு வாங்க."

"ரெண்டா? மூணு பேர் இருக்கோமே?"

"நீங்க இங்க எங்கங்க உட்காருவீங்க?"