தாதர் அண்ணாச்சியும் ஒரு டப்பா லேகியமும்

உலகத்தில் எந்த ஊருக்குப் போகவும் மும்பை தாதர் ஸ்டேஷனில் இறங்கி வண்டி மாறினால் போதும் என்று நம்பிய ஒரே மனிதர் எங்கள் தாதர் அண்ணாச்சிதான். தாராவியில் டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் கடை வைத்திருந்தார். செம்பூரிலிருந்து கோபர்கைரனேவுக்கு வழி கேட்டாலும், எதிர்த்திசையில் தாதருக்குத்தான் அனுப்புவார். "அங்கன பாலம் ஏறி எறங்குனா எந்த லைனும் கெடைக்கும்வே" என்பார். எவனாவது சுற்றி அலைந்து வந்து சண்டை போட்டால், பாலத்தை ஒழுங்காக ஏறாதது அவன் குற்றம்.

ஊர் டிக்கெட்டையும் துண்டு துண்டாகத்தான் போடுவார். மாட்டுங்காக்காரனான என்னைத் திருநெல்வேலிக்கு மூன்று வண்டி மாற வைத்தார். நடுவில் ஒன்று தாமதமாகி, பெயர் தெரியாத ஸ்டேஷனில் கொசுக்கடி பட்டுக் கிடந்தேன். திரும்பி வந்து கேட்டால், "புது ஊரு பாத்தீருல்லா? அதுக்கு நான் தனியா காசு வாங்கலியே" என்றார்.

கனடாவில் இருந்த அவருடைய ஒரே மகளுக்குத் தலைப்பிரசவம் வந்தது. தாயில்லாத பெண். "ஆம்பள போயி என்ன பேறுகாலம் பாக்கப் போறீரு?" என்று தெருவே கேட்டது. "ஏன், எனக்குக் கை இல்லியா?" என்று மல்லுக்கு நின்றவர், சுக்கும் மிளகும் கருப்பட்டியும் வாங்கிக் கடைக்குள்ளேயே பேறுகால லேகியம் கிண்டினார். அன்று சந்து முழுக்கத் தும்மியது.

கனடா விசா ஒழுங்காக வந்தது. விமான டிக்கெட்டை மட்டும் தன் பாணியில் எடுத்தார். ஐரோப்பாவில் ஒரு ஊர் வரை ஒரு கம்பெனி, அங்கிருந்து வேறு கம்பெனி.

"அண்ணாச்சி, நடுவுல இருக்கற நாட்டுக்கு விசா வேண்டாமா?"

"தாதர்ல எறங்க எவம்வே விசா கேக்கான்?"

விமான நிலைய வாசலில் என்னை நிறுத்திவிட்டு உள்ளே போனார். என்னோடு பேசிக்கொண்டிருந்த போனை அணைக்காமலே சண்டையை ஆரம்பித்ததால் எனக்கு எல்லாமே கேட்டது. கவுன்டரில் இருந்தது செம்பூர்த் தமிழ்ப் பெண்.

"அங்கிள், ஒரே டிக்கெட்டா இருந்தா பெட்டி நேரா கனடா போயிரும். இது ரெண்டு டிக்கெட். பெட்டி நடுவுலயே வெளிய வந்துரும். அதை எடுக்க நீங்க அந்த நாட்டுக்குள்ள போகணும், விசாதான் இல்லயே? பெட்டியோட உங்கள ஏத்த முடியாது."

"அப்பம் கையில கொண்டு போறேன்."

"லேகியம் பசை மாதிரி இருக்கு, செக்யூரிட்டில விடமாட்டாங்க. பெட்டி இல்லாம போங்க. அடுத்த ஃப்ளைட் போர்டிங் பாஸ் போன்ல இருக்கு, உள்ளயே மாறிக்கலாம்."

"வெறுங்கைய வீசிக்கிட்டு எந்த அப்பன் பேறுகாலத்துக்குப் போவான்?"

கொஞ்ச நேரத்தில் காவலர்களோடு வாதாடியபடியே வாசலுக்கு வந்து பெட்டியை என்மேல் தள்ளினார். கண் சிவந்திருந்தது.

"லேகியத்த ஃப்ரிட்ஜ்ல வையும். நான் இவொ சட்டத்துக்குப் பயந்து உட்டுட்டுப் போவல கேட்டீரா. பிள்ள அங்க ஒத்தையில கெடக்கு."

திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார். அவர் போய்ச் சேர்ந்தாரா, நடுவில் பிடித்து உட்கார வைத்துவிட்டார்களா என்று தெரியாமல் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். கடைசியில் போன் வந்தது. பின்னால் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது.

"பேத்தி பொறந்திருக்கா. தாயும் பிள்ளையும் சொகம். இங்கன நம்மாளு கடையிலயே சுக்கு, கருப்பட்டி எல்லாம் கெடைக்கி. புதுசா கிண்டிட்டேன்."

"நடுவுல ஒண்ணும் தகராறு இல்லையே அண்ணாச்சி?"

"நான் சொன்னம்லா, தாதர் மாதிரிதான். பாலம் இருந்துச்சு. லக்கேஜ் ஏத்த உடல, அம்புட்டுதான்."

அந்த லேகியத்தை வீணாக்காமல் என்னையே சாப்பிடச் சொல்லிவிட்டார். பிள்ளை பெறாத நான் தினமும் பேறுகால லேகியம் தின்கிறேன். தொண்டையெல்லாம் எரிகிறது. அண்ணாச்சி திரும்பி வரும்வரை டப்பா தீராமல் இருக்க வேண்டுமே என்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுத்துக்கொள்கிறேன்.