லிஃப்டுக்குள் ஒரு செயற்குழு

கையில் தட்டியுடன் எதிர்க்கட்சியார் காலையில் ஐந்து மாடி இறங்கி வந்தபோது, அவர் எதிர்க்க வந்த விஷயம் அங்கே இல்லை.

நேற்று மாலை வரை கார் நிறுத்துமிடத்தின் மூலையில் கழிவுநீர்க் குழாய் உடைந்து வழிந்துகொண்டிருந்தது. மூக்கைப் பொத்தாமல் அந்தப் பக்கம் யாரும் போனதில்லை. இப்போது அங்கே புதுக் குழாய் மினுங்கியது. சிமென்ட் இன்னும் காயவில்லை. பிளம்பர் ஒருவர் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"உங்களை யாருங்க வரச் சொன்னது?"

"சங்கத் தலைவர் சார்தான். நேத்து சாயங்காலம் ஃபோன் பண்ணி, விடியறதுக்குள்ள முடிச்சாகணும்னு ஒத்தக்கால்ல நின்னாரு."

எதிர்க்கட்சியார் தட்டியை மெல்லத் திருப்பிப் பிடித்துக்கொண்டார். 'நாறுது நாறுது, நிர்வாகம் நாறுது' என்று அதில் சிவப்பு மையில் எழுதியிருந்தது. பினாயில் வாசனைக்கு நடுவில் அதைத் தூக்கிப் பிடிக்க அவருக்கே கூச்சமாக இருந்தது.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. கட்டிய மனைவியைத் தவிர எல்லோரும் அதை மறந்தாயிற்று. குடியிருப்போர் சங்கத் தேர்தலில் மூன்று முறை நின்று, மூன்று முறையும் மண்ணைக் கவ்வியதில் 'எதிர்க்கட்சியார்' என்ற பட்டம் நிலைத்துவிட்டது. வங்கியில் கடன் பிரிவில் வேலை. வருகிற விண்ணப்பங்களை முடியாது என்று திருப்பி அனுப்புவதற்கே சம்பளம் வாங்குகிறவர் என்பதால், எதிர்ப்பது அவருக்குக் கைவந்த கலை. ஆனால் கலைக்கும் ஒரு பலன் வேண்டாமா? ஒரே ஒரு தடவை, சங்கக் கூட்டத்தில் அந்த நீள மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, எதிரே இருக்கிறவர்களைப் பார்த்து "அமைதி, அமைதி" என்று சொல்லிவிட வேண்டும். எத்தனை வருஷம்தான் கடைசி வரிசையில் எழுந்து நின்று தொண்டை கிழியக் கத்துவது?

வரும் ஞாயிற்றுக்கிழமை தேர்தல். நிலைமையோ தலைகீழாக இருந்தது. தண்ணீர் மோட்டாரைப் பற்றிக் கத்தலாம் என்று திட்டம் போட்டார்கள், மறுநாளே மோட்டார் ஓடியது. மொட்டைமாடிக் கதவைப் பற்றிப் பேசலாம் என்றார்கள், பேசுவதற்குள் புதுக் கதவு வந்துவிட்டது. இப்போது குழாய். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே யாரோ அவர் வாயிலிருந்து வார்த்தையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

அன்று மாலையே செயற்குழு கூடியது. செயற்குழு என்றால் மூன்றே பேர். எதிர்க்கட்சியார் ஒருவர். இரண்டாவது மாடியில் இருக்கும் பல் டாக்டர் அம்மா ஒருவர். மூன்றாவது மாடிக்காரன் ஒருவன். வரி அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு, மீதி நேரமெல்லாம் விஞ்ஞானக் கதைகளே படிப்பதால் அவனுக்கு 'விண்கலம்' என்று பெயர்.

"என்னைக் கேட்டா, நாளுக்கு ஒரு பிரச்சினைன்னு விடாம கிளப்பணும் சார்," என்றார் பல் டாக்டர். "ஆட்டி ஆட்டித்தான் பிடுங்கணும்."

"ஆட்டுறதுக்கு முன்னாடியே தலைவர் பல்லைக் கட்டி விட்டுடறாரே டாக்டர். நம்ம திட்டம் எப்படி வெளியே போகுது? முதல்ல அதுக்குப் பதில் சொல்லுங்க."

விண்கலம் குரலைத் தாழ்த்தினான். "ஒட்டுக் கேக்குறாங்க சார்."

"யாரு?"

"யாருன்னு கேக்காதீங்க. எதுன்னு கேளுங்க." அவன் தன் வீட்டு அலமாரியில் இருந்த பேசும் பெட்டியைக் கண்ணால் காட்டினான். மணி கேட்டால் மணி சொல்லும், பாட்டுக் கேட்டால் பாட்டுப் போடும் பெட்டி. "அதுக்குக் காது இருக்கு. டாக்டரம்மா வீட்டுல தானா ஊர்ந்து தரை துடைக்கிற ரோபோவுக்குக் கண்ணு இருக்கு. உங்க வீட்டு வாஷிங் மெஷின் துவைச்சு முடிச்சதும் வாய் விட்டுச் சொல்லுது. சொல்லத் தெரிஞ்சதுக்குக் கேக்கத் தெரியாதா?"

பல் டாக்டர் சிரித்துவிட்டார். "இதெல்லாம் கதையில படிக்க நல்லா இருக்கும். நடைமுறைக்கு ஒத்துவராது. நம்ம தலைவருக்கு டிவி ரிமோட்டையே ஒழுங்கா அமுக்கத் தெரியாது."

"பறக்கும் காருக்கும் இப்படித்தான் சொன்னீங்க."

"சரி, பறக்கும் கார் எங்க?"

"வரும்."

"தரையில நிக்கிற காருக்கே இங்க இடமில்ல. அது வந்து எங்க இறங்கும்?"

இவர்களை விட்டால் தேர்தல் முடிகிறவரை காரைப் பறக்கவிட்டுக்கொண்டிருப்பார்கள் என்று எதிர்க்கட்சியாருக்குத் தெரியும். சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார்.

முதலில் விண்கலத்தின் பேசும் பெட்டிக்கு முன்னால் போய் நின்று, "வாசல் கேட் விளக்கு எரியாததைத்தான் அடுத்துக் கையில் எடுக்கப்போறோம்" என்று பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னார். விண்கலம் பக்கத்தில் நின்று தலையாட்டினான். பிறகு இரண்டாவது மாடிக்கு இறங்கி, பல் டாக்டர் வீட்டுத் தரையில் ஊர்ந்துகொண்டிருந்த ரோபோவைக் குனிந்து பார்த்து, "மாடிப்படிக் கைப்பிடி ஆடுறதை விடப்போறதில்ல" என்றார். பல் டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கடைசியாகத் தன் வீட்டு வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் போய், "குப்பைத் தொட்டிக்கு மூடி இல்லாததுதான் பெரிய விஷயம்" என்றார். ஈரத்துணியை எடுத்துக்கொண்டிருந்த மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யார்கிட்டங்க பேசுறீங்க?"

"உன்கிட்ட இல்ல."

"அது தெரியுது. அதான் பயமா இருக்கு."

மறுநாள் மாலை வங்கியிலிருந்து திரும்பியபோது கேட்டில் விளக்கு பளிச்சென்று எரிந்தது. கைப்பிடி ஆடாமல் நின்றது. குப்பைத் தொட்டிகள் பச்சை மூடி போட்டு வரிசையாக உட்கார்ந்திருந்தன.

எதிர்க்கட்சியார் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். ஒன்று என்றால் சமாளிக்கலாம். மூன்றுமே ஒற்றர்கள் என்றால் எங்கே போய் முட்டிக்கொள்வது?

"நான் அப்பவே சொன்னேனே," என்றான் விண்கலம். அவன் முகத்தில் கவலையைவிடப் பெருமை அதிகமாக இருந்தது. அதைவிட ஆச்சரியம், பல் டாக்டர் சட்டென்று கட்சி மாறியதுதான்.

"நான்தான் சார் தப்பா நினைச்சுட்டேன். விஞ்ஞானம் எங்கேயோ போயிடுச்சு. எல்லாம் மெஷின் வேலைதான், வேற யார் சொல்லியிருக்கப் போறாங்க?"

அன்றிலிருந்து எதிர்க்கட்சியார் இருப்புக் கொள்ளாமல் அலைந்தார். வாஷிங் மெஷினின் மின்கம்பியைப் பிடுங்கினார். டிவிக்குப் போர்வை போர்த்தினார். கைப்பேசியை எவர்சில்வர் டப்பாவில் போட்டு அரிசிக்குள் புதைத்தார். வங்கி மேலாளர் விடாமல் அழைத்தும் கிடைக்காமல், மறுநாள் வங்கிக்கு வந்த எதிர்க்கட்சியாரைப் பிடித்து அத்தனை பேருக்கு முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கினார். வீட்டிலோ மனைவி கையால் துவைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு துணியையும் அவள் அடித்த அடி, துணிக்காக விழுந்த அடியாகத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. கையில் பிரச்சினையே மிச்சமில்லை, ஒன்றைத் தவிர. அது லிஃப்ட். பல மாதங்களாகத் தரைத்தளத்தில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. பாகம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும் என்று தலைவர் சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். இதைப் பற்றி எதிர்க்கட்சியார் இதுவரை மூச்சு விடவில்லை. பிரம்மாஸ்திரத்தைக் கடைசியில்தான் எடுக்க வேண்டும் என்பது அவருடைய வியூகம்.

"இதை எங்க உட்கார்ந்து பேசறது? சுவரெல்லாம் காது," என்றார்.

விண்கலம் யோசித்துவிட்டு, "லிஃப்டுக்குள்ளேயே பேசலாம் சார். நாலு பக்கமும் இரும்பு. எந்த அலையும் உள்ளே வராது, வெளியேயும் போகாது," என்றான்.

"இது நடைமுறைக்கு ஒத்துவரும்," என்றார் பல் டாக்டர்.

மூன்று பேரும் இருட்டு லிஃப்டுக்குள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். எதிர்க்கட்சியார் திட்டத்தைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ஓட்டுப் போட எல்லோரும் கீழே கூடியிருக்கும்போது, முட்டிவலிக்கார மனைவி கையில் பையோடு மாடிப்படி ஏறுவாள். ஒவ்வொரு திருப்பத்திலும் உட்காருவாள், லேசாக முனகுவாள். பார்க்கிறவர்கள் மனசு கரைந்து ஓட்டு மொத்தமும் இந்தப் பக்கம் சாய்ந்துவிடும்.

"அக்கா ஒத்துக்கிட்டாங்களா?" என்றான் விண்கலம்.

"சொன்னா கேப்பா."

அவள் கேட்டாள். வீட்டில் அவர் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, பிழிந்துகொண்டிருந்த புடவையை வாளியில் போட்டாள்.

"அப்போ லிஃப்ட் ரிப்பேர்னு சங்கத்துல ஒரு வார்த்தைகூட நீங்க இதுவரைக்கும் கேக்கவே இல்லையா?"

"அது ஒரு வியூகம். எல்லாத்தையும் முன்கூட்டியே செலவு பண்ணிடக் கூடாது."

"நான் ஒவ்வொரு படியா சுவரைப் பிடிச்சு ஏறி வந்ததெல்லாம் உங்களுக்குச் சேமிப்பா?"

"ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான். ஜெயிச்சதும் முதல் கையெழுத்தே லிஃப்டுக்குத்தான்."

"முனகணும்னு வேற சொல்றீங்க."

"லேசாப் போதும்."

அவள் ஈரக் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு இறங்கிப் போய்விட்டாள். படிக்கட்டில் அவள் நின்று நின்று இறங்கும் சத்தம் கேட்டது. எதிர்க்கட்சியாருக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது, நிறையவே இருந்தது என்றும் சொல்லலாம். ஆனால் அந்த நீள மேசை கண்ணுக்கு முன்னால் வந்ததும் வெட்கம் ஒதுங்கி வழிவிட்டது. லிஃப்ட் இன்னும் இரண்டு நாள் செத்துக் கிடந்தால் போதும் என்று மனசார வேண்டிக்கொண்டார். கட்டிய மனைவியின் முட்டி நோக வேண்டும் என்று வேண்டிக்கொண்ட முதல் வேட்பாளர் அவராகத்தான் இருப்பார்.

சனிக்கிழமை காலை கடைசி ஒத்திகைக்காகச் செயற்குழுவை மறுபடி லிஃப்டுக்குள் கூட்டினார்.

"இன்னிக்கு வேற எங்கயாவது பேசலாமே சார்," என்றான் விண்கலம். அவன் ஒரு காலை வெளியிலேயே வைத்திருந்தான்.

"இதைவிடப் பாதுகாப்பான இடம் இல்லைன்னு நீதானேப்பா சொன்ன? உள்ளே வா."

பல் டாக்டர் கூரையையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். "சீக்கிரம் முடிச்சுக்கலாம் சார். பேஷன்ட் காத்திருப்பாங்க."

"சுருக்கமா சொல்றேன். நாளைக்குக் காலையில என் மனைவி முதல் படியில கால் வைக்கும்போது..."

லிஃப்டில் விளக்கு எரிந்தது.

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைக்கு மேல் மின்விசிறி, மாதக்கணக்கில் சேர்ந்த தூசியை அவர்கள் மேல் கொட்டிவிட்டுச் சுற்றத் தொடங்கியது. கதவு மூடிக்கொண்டது. தரை மெல்ல உதறி மேலே கிளம்பியது.

"யார் பட்டனை அமுக்கினது?" என்றார் எதிர்க்கட்சியார். யாரும் அமுக்கவில்லை. அவர் கண்ணில் பட்ட பட்டன்களையெல்லாம் குத்தினார். லிஃப்ட் எதையும் சட்டை செய்யாமல் போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொரு மாடியைத் தாண்டும்போதும் அவருடைய பதவி கையைவிட்டுப் போவது அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. அழுகை வராத குறைதான்.

ஐந்தாவது மாடியில் கதவு திறந்தது. வாசலில் ஸ்பேனரோடு லிஃப்ட் மெக்கானிக், அவருக்குப் பக்கத்தில் சங்கத் தலைவர், அவருக்குப் பக்கத்தில் செருப்பு மாட்டிய காலுடன் மனைவி.

"நல்லா ஓடுது சார்," என்றார் மெக்கானிக். "பாகம் எங்க கடையிலேயே கிடந்துச்சு. யாரும் கேக்கல, அதான்."

எதிர்க்கட்சியார் மனைவியைப் பார்த்தார். இந்தத் தடவை ரோபோ இல்லை, பெட்டி இல்லை, அலை இல்லை. கோபத்தில் அவருக்கு வார்த்தை தடுமாறியது.

"நீதானா? எல்லா மெஷினையும் சந்தேகப்பட்டேனே, வீட்டுக்குள்ளேயே... நீயா போய்ச் சொன்ன?"

"சொல்லத்தான் போனேன்," என்றாள் அவள். "குப்பைத் தொட்டி மூடிக்குக்கூட நான்தான் போனேன். இனிமே ஒரு படிகூட என்னால ஏற முடியாதுங்க. ஆனா நேத்து தலைவர் வீட்டுக் கதவைத் திறந்தா, எனக்கு முன்னாடியே உங்க செயற்குழு மொத்தமும் அங்க உட்கார்ந்து டீ குடிச்சுக்கிட்டிருக்கு."

எதிர்க்கட்சியார் மெதுவாகத் திரும்பினார். விண்கலம் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

"அப்போ உன் வீட்டுப் பெட்டி?"

"அது பாவம் சார். அதுக்கு மணி மட்டும்தான் சொல்லத் தெரியும்."

"மோட்டார்?"

"அது நான்," என்றார் பல் டாக்டர். "கிளினிக்குக்குத் தண்ணி வேணும். கைப்பிடியும் நான்தான். கேட் விளக்கு தம்பி."

தலைவர் எங்கேயோ பார்த்தபடி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பல மாதமாகத் தூங்காதவர்போல இருந்தார்.

எதிர்க்கட்சியாருக்குக் கடைசியாக ஒரே ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. "சரி, சொன்னது சொன்னதா இருக்கட்டும். நாளைக்கு ஓட்டு? ஓட்டாவது எனக்குத்தானே?"

விண்கலம் தலையிலிருந்த தூசியைத் தட்டிக்கொண்டான். மனைவி அவரைத் தாண்டி லிஃப்டுக்குள் காலை வைத்தாள். பல் டாக்டர்தான், ஊசி போடப்போகிறவர்களிடம் பேசுகிற குரலில், அவர் தோளைத் தொட்டுச் சொன்னார்:

"கோவிச்சுக்காதீங்க சார். உங்களை ஜெயிக்க வச்சுட்டா, அப்புறம் நாங்க யாரைக் காட்டித் தலைவரைப் பயமுறுத்துறது?"