சித்தப்பாவின் இருமலுக்குப் போட்ட தாளம்

இசை தெரிந்தவர்களுக்குக் காது கூர்மை என்பார்கள். நான் இசைக்கலைஞராக இருந்தது என் வாழ்க்கையில் மொத்தம் பதினோரு நிமிடம். அந்தப் பதினோரு நிமிடத்தில் மும்பை முழுக்கச் சல்லடை போட்டுத் தேடியிருந்தாலும் என்னைப் போல ஒரு செவிடு கிடைத்திருக்காது.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. திலக் நகரில் வீடு, கழுத்தில் எந்நேரமும் ஹெட்போன். காற்று மாசைப் பற்றி மக்களுக்கு உறைக்கிற மாதிரி சொல்லப் பேச்சு போதாது, புது மாதிரி இசைதான் வேண்டும் என்று எனக்கு ஒரு ஞானம் பிறந்திருந்தது. ராகம் கிடையாது, பாட்டு கிடையாது. லாரி ஹாரன், ரயில் பிரேக், டிரில்லிங் மிஷின் எல்லாவற்றையும் பதிவு செய்து, கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டி ஓடவிடுவேன். (அம்மா இதற்கு வைத்த பெயர் 'மிக்ஸி ரிப்பேர்'.) மாட்டுங்காவில் ஒரு விழிப்புணர்வு நிகழ்ச்சியில் எனக்கும் இடம் கொடுத்தார்கள்.

என் சித்தப்பா தாராவியில் பிளாஸ்டிக் உருக்கும் பட்டறையில் வேலை பார்த்தார். உடைந்த வாளி, டப்பா எல்லாம் அரைபட்டு, உருகி, மணிமணியாக வெளியே வரும் இடம். மூக்கைச் சுற்றி ஒரு கைக்குட்டை, அதுதான் பாதுகாப்பு. மிஷின் சத்தம் வேண்டும் என்று என் ரெக்கார்டரை ஒரு நாள் முழுக்க அவர் சட்டைப்பையில் போட்டுவிட்டேன். தன் வேலையும் மேடை ஏறப்போகிறது என்று அவருக்கு அத்தனை சந்தோஷம்.

வீட்டுக்கு வந்து கேட்டால் மிஷின் வெறும் இரைச்சல். நடுநடுவே, மைக்குக்கு மிக அருகில், சித்தப்பாவின் இருமல். அடிவயிற்றிலிருந்து கிளம்பி, பாதியில் உடைந்து, விசிலோடு முடிகிற இருமல். வீட்டில் யார் முன்னாலும் அவர் அப்படி இருமியதே இல்லை. (போன் வந்ததுபோல எழுந்து, சந்து முனைக்குப் போய் இருமிவிட்டு வருவாராம். சித்திக்கே பிறகுதான் தெரிந்தது.)

மூன்று மாதம் அந்த இருமலோடு குடித்தனம் நடத்தினேன். இந்த மனிதரை டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும் என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. பாஸ், அதாவது அடிநாதம், கொஞ்சம் ஏற்றினால் எடுப்பாக இருக்கும் என்று தோன்றியது. வெட்டி, அடுக்கி, ஏழு எண்ணிக்கைக்குள் உட்கார வைத்தேன். அவரிடம் மூச்சு விடவில்லை. சர்ப்ரைஸ் வேண்டாமா?

நிகழ்ச்சியன்று சித்தப்பா தேய்த்த வெள்ளைச் சட்டையில், சித்தியோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பின் வரிசையில் மாட்டுங்கா மாமாக்கள். எந்த அரங்கில் விளக்கு எரிந்தாலும் வந்துவிடுகிற ரசிகர்கள். லாரிக்கும் ரயிலுக்கும் முகம் சுளித்தார்கள். இருமல் தொடங்கியதும் ஒருவர் தொடையில் தட்டிப் பார்த்தார். ஏழு எண்ணிக்கை, மிஸ்ர சாப்புத் தாளம் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அவ்வளவுதான், மொத்த வரிசையும் என் சித்தப்பாவின் இருமலுக்குத் தாளம் போட ஆரம்பித்தது. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

தன் இருமல் தனக்குத் தெரியாதா? சித்தப்பா தலையைக் குனிந்தார். கைக்குட்டையால் வாயைப் பொத்தினார். அடக்கி அடக்கிப் பார்த்து முடியாமல், நிஜமாகவே இரும ஆரம்பித்தார். ஸ்பீக்கரில் ஒன்று, முதல் வரிசையில் ஒன்று. மாமாக்கள் அதையும் நிகழ்ச்சியில் சேர்த்துக்கொண்டார்கள். ஒருவர் 'பலே' என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவர் இருமல் தனியாகக் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைக் கொஞ்சம் தணித்தேன்.

சித்தி எழுந்தாள். கத்தவில்லை.

"ஏட்டி, உங்க சித்தப்பா மூச்சு விட மாட்டாம கெடக்காவ. நீ அங்க நின்னு என்னத்தத் தட்டிக்கிட்டு இருக்க?"

தாளம் போட்ட கைகள்தான் அவரைத் தூக்கி டாக்ஸியில் ஏற்றின. எத்தனை நாளாக இந்த இருமல் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். நாலைந்து நாளாகத்தான் என்று அந்த நிலையிலும் சித்தப்பா புளுகினார். நான் ஹெட்போனை டாக்டரிடம் நீட்டினேன். அவர் அரை நிமிடம்கூடக் கேட்கவில்லை. இது எப்போது பதிவு செய்தது என்று ஹிந்தியில் கேட்டார். மூன்று மாதம் ஆகிறது என்றேன். ஹெட்போனைக் கழற்றி என் கையில் வைத்துவிட்டுச் சித்தப்பா பக்கம் திரும்பிக்கொண்டார். என்னை ஏதாவது திட்டியிருந்தால் தேவலாம்.

நுரையீரலில் பாதி போய்விட்டது. பட்டறை வேலையும் போய்விட்டது. இப்போது அவர் கட்டிலில், ஆக்சிஜன் மிஷின் பக்கத்தில். எங்கள் வீட்டில் யாராவது தும்மினால் போதும், "அவ முன்னால தும்மாத, மேடையேத்திருவா" என்று ஆரம்பித்துவிடுவார்கள். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் சித்தி இந்தக் கதையைச் சொன்னாள். சித்தப்பா சொல்வதுதான் இன்னும் விசேஷம். நடுவில் இரண்டு தரம் நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டு சொல்வார்.

போன மாதம் போயிருந்தபோது, அந்த ரெக்கார்டு இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். அன்றைக்கே அழித்துவிட்டேன் என்றேன்.

"கூறுகெட்டவளே, வச்சிருந்தா கேட்டிருக்கலாம்லா," என்றார். "அப்பம்லாம் எவ்வளவு தெம்பா இருமியிருக்கேன்."

எல்லாரும் சிரித்தோம். வேறென்ன செய்வது?