நடக்குமுன் அச்சான பொங்கல் விழா

படித்தவர்களிடம் ஒரு குறை உண்டு. ஒன்று நடந்த பிறகுதான் அதை எழுதுவார்கள். நான் எட்டாம் வகுப்போடு நிறுத்தியவன், நடக்குமுன்பே எழுதியவன். (சிரிக்க வேண்டாம். டென்மார்க்கில் தமிழ்ப் பத்திரிகை நடத்திப் பார்த்தால் தெரியும்.)

பகலில் பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. பின்னேரத்தில் ஆசிரியர், நிருபர், கட்டுச் சுமப்பவர் எல்லாம் நானே. ஒரே ஒரு வயிற்றெரிச்சல், நோர்வேயிலிருந்து தபாலில் வரும் தமிழ்ப் பத்திரிகை. எங்கள் ஊர் இஷொயில் நடக்கும் விழாவை ஒஸ்லோக்காரன் எனக்கு முதலே போட்டுவிடுவான். அந்த வருடப் பொங்கல் விழாவில் அவனுக்குப் பாடம் படிப்பிக்க முடிவு செய்தேன். சனம் மண்டபத்தை விட்டுக் காருக்குப் போகும்போதே விழாச் செய்தி கையில் இருக்க வேண்டும்.

அதில் என்ன கஷ்டம்? எங்கள் விழாக்கள் எல்லாம் ஒன்றுதான். மங்கல விளக்கு, வரவேற்புரை, நடனம், சிறப்பு விருந்தினர் உரை, நன்றியுரை. பெயர்களை மட்டும் மாற்றி, இரண்டு நாள் முந்தியே அச்சடித்துவிட்டேன்.

சிறப்பு விருந்தினர் ஓல்போர்க்கிலிருந்து வரும் பொறியியலாளர் கணேசலிங்கம். அவரைக் கூப்பிடச் சொன்னதும் நான்தான். அவருடைய மகனும் எங்கள் மகள் அபிராவும் அங்கே ஒன்றாகப் படித்து விரும்பியிருந்தார்கள். மனிசன் இன்னும் சம்மதிக்கவில்லை. எங்களைப் பார்த்துவிட்டுச் சொல்வதாக இருந்தார். ஆகவே அவருடைய பேச்சுக்கு அரைப் பக்கம் ஒதுக்கி, முழுப் பேச்சையும் நானே எழுதினேன். கடைசி வரி: "சபையோர் கண்கலங்கினர், கரவொலி அடங்க நெடுநேரமாயிற்று."

பத்திரிகைக் கட்டுகளை மனைவி பத்மாவிடம் கொடுத்து, "விழா முடியேக்க குடும்" என்றேன். விழா வழக்கம்போலப் பிந்தியது. விளக்குக்குத் திரி தேடிவிட்டுத் திரும்பினால், மண்டபம் முழுக்கப் பத்திரிகை விரிந்திருந்தது.

"இஞ்சேரப்பா, என்ன செய்தனீர்?"

"சனம் சும்மாதானே இருக்குது. வாசிக்கட்டும் எண்டு குடுத்தனான்."

பின்வரிசையில் சிரிப்புத் தொடங்கியது. "அண்ணை, விழா திறமா முடிஞ்சுதாம். சாப்பாட்டைத் தாங்கோவன், வீட்டை போவம்" என்றான் ஒருவன். "என்ர பிள்ளை மேடையில அபாரமா ஆடினவளாம். அவள் காய்ச்சலோட அல்பர்ட்ஸ்லுண்டில வீட்டில படுத்திருக்கிறாள்" என்றார் ஒரு தாய்.

அபிரா வந்து டெனிஷில் ஏதோ திட்டினாள். பிறகு எனக்கு நன்றாக உறைக்கட்டும் என்று தமிழில் சொன்னாள்: "கணேசலிங்கம் மாமா முன்வரிசையில இருந்து ஒரு வரி விடாமல் வாசிக்கிறார். என்ர கலியாணம் அவ்வளவுதான்."

"அவரைப் புகழ்ந்துதானே பிள்ளை போட்டனான்."

"அவர் இன்னும் கதைக்கவே இல்லையே அப்பா."

நான் மேடைத் திரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். (முழுப் பன்றியைக் கூறு போடும் கத்தியோடு வேலை செய்தவன், அன்று கணேசலிங்கத்தின் மூக்குக் கண்ணாடிக்குப் பயந்தேன்.)

கணேசலிங்கம் மேடைக்கு வந்தார். சிரிப்பில்லாத முகம். சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தார், பார்த்தார், திரும்ப மடித்து வைத்தார். பத்திரிகையை விரித்தார்.

"நான் எழுதிக்கொண்டு வந்ததைவிட அண்ணை எழுதினது நல்லாயிருக்கு. அதையே வாசிக்கிறன். சபையோர் கண்கலங்கினர் எண்டு கிடக்கு. பத்திரிகை பொய் சொல்லக் கூடாது. ஆயத்தமா இருங்கோ."

வாசித்தார். முடிக்கும்போது நிமிர்ந்து சபையைப் பார்த்தார். மண்டபம் முழுக்கக் கைலேஞ்சி. பெண்கள் சிரித்துச் சிரித்துச் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்கள். கரவொலி அடங்க உண்மையாகவே நெடுநேரமாயிற்று. (நான் எழுதியபடிதான். கவனிக்கவும்.)

சாப்பாட்டில் என் பக்கத்தில் வந்து இருந்தார். "இப்பிடி ஒரு சம்பந்தி இருந்தா வயசு போறது தெரியாது" என்றார். எதிரில் இருந்த அபிரா வாயில் வைத்த வடையை விழுங்க மறந்தாள். ஒஸ்லோப் பத்திரிகையும் விழாவைப் போட்டது, பிந்தித்தான். பொங்கலைப் பற்றி நாலு வரி, என்னைப் பற்றி ஒரு பக்கம்.

இப்போது வீட்டில் யார் சோதனை எழுதப் போனாலும் முடிவை முதலில் என்னிடம்தான் கேட்கிறார்கள். தொடக்கி வைத்தவர் சம்பந்தி. அபிராவின் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் காத்திருந்தபோது, தாதிமாருக்கு முன்னால் கேட்டார்: "அண்ணை, என்ன பிள்ளை எண்டு அச்சடிச்சாச்சோ?"

"பேத்தி" என்றேன்.

பேத்திதான்.