கடற்கரைச் சாலையில் மண் சரியவில்லை

ஐம்பத்தெட்டாவது வயதில் கஸ்டன் ஒரு பெரிய முடிவுக்கு வந்தான். வெள்ளிக்கிழமை காலை, கட்டிய மனைவியை வண்டியில் ஏற்றிக்கொண்டு, வேண்டுமென்றே வழிதவறிப் போய்விடுவது.

டொமினிக்கா கரீபியன் கடலில் ஒரு சின்னத் தீவு. அதில் தொலைந்துபோகத் திறமை வேண்டும். வடகோடியில் இருக்கும் அவர்கள் வீட்டிலிருந்து ரோசோ துறைமுகத்துக்கு, கடலை வலப்பக்கம் வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் ஓட்டினால் போதும். கண்ணைக் கட்டிவிட்டாலும் போய்ச் சேரலாம். ஆகவே மலைக்குள் புகுந்து, சுற்றி, மறுபடியும் மலைக்குள்ளேயே புகும் பின்பாதைகளை அவன் மூன்று நாள் வரைபடம் வைத்து மனப்பாடம் செய்திருந்தான்.

எல்லாவற்றுக்கும் காரணம் மனைவி வெர்லினின் அக்கா. குவாதலூப் தீவில் இருக்கும் அவளுக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. வெர்லின் போய் ஆறு மாதம் அவளோடு இருக்கப் போகிறாள். இரண்டு மணிக்குக் கப்பல். அதை விட்டால் அடுத்தது பத்து நாள் கழித்துத்தான். இவள் வரவில்லை என்றால் அதற்குள் அக்காவின் மகளே பாரிஸிலிருந்து வந்துவிடுவாள். வெர்லின் போகவேண்டிய தேவையே இருக்காது.

போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முப்பத்துநாலு வருடத்தில் அந்த மாதிரி வார்த்தைகளைச் சொல்லிப் பழக்கமில்லை. ஒரு வார்த்தைக்கு வெட்கப்பட்டு ஒரு டாங்க் பெட்ரோலைச் செலவழிக்கிற மனிதனா நான் என்று பல் தேய்க்கும்போது கஸ்டன் தன்னையே கேட்டுக்கொண்டான். ஆமாம் என்றுதான் பதில் வந்தது.

வண்டியைக் கிளப்பியதும் அது ஜப்பானிய மொழியில் ஏதோ சொன்னது. அங்கே பழசாகி இங்கே வந்த வண்டி. ஏழு வருடமாக அது தினமும் எதையோ எச்சரிக்கிறது.

"என்ன சொல்லுது?" என்றாள் வெர்லின்.

"கடற்கரை ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடக்காம்."

"ஜப்பான்லேர்ந்தே தெரிஞ்சுருச்சா?"

"ரேடியோவுல சொன்னாங்க."

"காலையிலேர்ந்து ரேடியோ என் காதுகிட்டதானே கத்திக்கிட்டு இருந்துச்சு."

"இது வேற ஸ்டேஷன்."

வெர்லின் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி, மலைப்பக்கமே போ" என்றாள்.

இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் ஒத்துக்கொண்டதில்லை. சந்தோஷத்தில் கஸ்டனுக்குச் சந்தேகப்பட நேரம் கிடைக்கவில்லை.

வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துக்கொண்டு ஏறினார்கள். பத்து மணிக்கு முதல்முறையாகத் தொலைந்தார்கள். இரண்டு பக்கமும் வாழைத் தோட்டம். வேலியோரம் வெட்டுக்கத்தியோடு ஒரு கிழவர் நின்றார்.

"ரோசோவுக்கு எப்படிப் போறது?" என்று கஸ்டன் கத்தினான்.

கிழவர் வானத்தைப் பார்த்தார். வணக்கம் சொல்லாமல் வழி கேட்கிறவன் குரல் மலைக்காரர்கள் காதில் ஏறாது. கஸ்டனுக்கு அது தெரியும். தெரிந்துதான் கத்தினான்.

வெர்லின் எட்டிப் பார்த்தாள். "குட் மார்னிங், ஐயா."

"குட் மார்னிங், மேடம்! பக்கத்துல யாரு, வேலைக்கு வெச்ச டிரைவரா?"

"வீட்டுக்காரர். வளர்ப்பு சரியில்ல."

"பாவம் நீங்க. நேராப் போங்க. புயல்ல விழுந்துச்சே ஈரப்பலா மரம், அங்க பீச்சாங்கைப் பக்கம் திரும்புங்க. அப்புறம் சர்ச்சுக் கூரை பறந்துபோன எடம் வரும். அங்க சோத்தாங்கை."

"மரம் இப்ப இருக்கா?" என்றான் கஸ்டன்.

"விழுந்துருச்சுன்னுதானே சொல்றேன்!"

இந்த மலையில் எல்லாரும் இப்படித்தான் வழி சொல்கிறார்கள். இல்லாததைப் பார்த்துத் திரும்ப வேண்டும். அடுத்த வாரம் யாராவது நம்மிடம் வழி கேட்டால் என்ன சொல்வோம் என்று கஸ்டன் நினைத்துப் பார்த்தான். வெர்லின் இருந்தாளே, அந்த வீட்டுக்குப் பக்கத்தில் என்றா? பீச்சாங்கைப் பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் சோத்தாங்கைப் பக்கம் திரும்பினான்.

பன்னிரண்டு மணிக்கு, சேப்பங்கிழங்கு மூட்டையோடு ஒரு பெரியம்மா நடுரோட்டுக்கே வந்து மறித்தாள். ஊர் முழுக்க அவளை மா டிட்டின் என்று கூப்பிடுகிறது. கை காட்டுகிறவரை ஏற்றாமல் போகிற வண்டிக்கு அந்தப் பக்கத்தில் மரியாதை கிடையாது. பின்சீட்டில் வெர்லினின் பெட்டிமேல் மூட்டையைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

"மூணாவது தடவ இந்தப் பக்கம் வர்றீங்க! ஒவ்வொரு தடவையும் நிறுத்தச் சொல்லிக் கை காட்டறேன், இந்தப் பொண்ணு எனக்கு டாட்டா காட்டுது!"

"தெரிஞ்சவங்கன்னு நெனச்சேன், மா" என்றாள் வெர்லின்.

"மூணு தடவையுமா?"

"ரெண்டாவது தடவ நெஜமாவே தெரிஞ்சவங்களாயிட்டீங்களே!"

மா டிட்டின் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போக முடியவில்லை. சுட்ட கருவாடும் அவித்த சேப்பங்கிழங்கும் தட்டில் வந்தன. வீட்டுக்குப் பின்னால் ஆறு. வெர்லின் செருப்பைக் கழற்றிவிட்டுக் கற்கள்மேல் நடந்தாள். பிடிமானத்துக்கு கஸ்டன் தோளில் கை வைத்தாள். ஆற்றைத் தாண்டிய பிறகும் கையை எடுக்கவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கோழி ஒன்று அவன் தட்டிலிருந்து கருவாட்டைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது அவள் வாய்விட்டுச் சிரித்தாள். இந்தச் சிரிப்பைக் கடைசியாக எப்போது கேட்டோம்? இரண்டு வருடமாக வேலையில்லாமல் ஒரே வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம். என்னதான் செய்துகொண்டிருந்தோம்?

மணி ஒன்றரை. அவள் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. தன்னை இவ்வளவு நம்புகிறவளை ஏமாற்றுகிறோமே என்று அவன் தட்டைக் கீழே வைத்தான்.

"வெர்லின், அந்தக் கப்பல் விஷயம்..."

"பேசாம சாப்பிடு. முள்ளு இருக்கு."

நாலரை மணிக்கு ரோசோ வந்தார்கள். துறை காலி. தண்ணீர்தான் இருந்தது. கஸ்டன் கண்ணாடி முன்னால் பழகி வைத்திருந்த முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டான்.

"ஐயோ, போயிருச்சே! எல்லாம் என்னாலதான், வெர்லின்!"

"உன்னாலதான்" என்றாள் அவள், கோபமே இல்லாமல்.

கேட்டுக்காரர் எழுந்து வந்தார். கஸ்டன் இந்த முறை ஒழுங்காக வணக்கம் சொன்னான். "குவாதலூப் கப்பல் எப்ப போச்சு?"

"எங்க போச்சு? நாளைக்குத்தானே வருது."

கஸ்டன் மெதுவாகத் திரும்பினான். "வெள்ளிக்கிழமைன்னு சொன்னியே?"

"சொன்னேன். அக்கா விஷயத்தச் சொன்னப்ப உன் மூஞ்சி போன போக்கப் பாத்தேன். நீ ஏதாவது செய்வன்னு தெரியும். கப்பல் என்னைக்குன்னு கேட்ட. ஒரு நாள் முன்னாடியே சொல்லி வெச்சேன்."

"அப்ப மண்ணு சரிஞ்சதுன்னு சொன்னது பொய்னும் தெரியுமா?"

"ரோசோவுக்கு எவன்யா மூணு நாள் வரைபடம் பார்ப்பான்?" அவள் கடலைப் பார்த்தாள். "போறதுக்கு முன்னாடி ஒரு நாள் உன்கூடச் சுத்தணும்னு இருந்துச்சு, கஸ்டன். கூப்பிட்டா நீ வரமாட்ட. முழங்கால் வலிம்ப."

அவன் அவள் கையைப் பிடித்தான். காலையிலிருந்து மலையெல்லாம் சுற்றிய வார்த்தை கடைசியில் வாய்க்கு வந்தது. "போகாத, வெர்லின்."

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"அக்காவால எந்திரிச்சு நிக்க முடியல" என்றாள். "இல்லன்னா, இத நீ சொன்னதுக்கே இருந்திருப்பேன்."

கஸ்டன் மூக்கைத் துடைத்துக்கொண்டு, முழு மனதோடு, "காலையில எத்தன மணிக்குக் கெளம்பலாம்?" என்றான்.

"நீ தூங்கு" என்றாள் வெர்லின். "நான் பக்கத்து வீட்டு டெல்மோவோட பஸ்ல ஒரு சீட்டு சொல்லி வெச்சிருக்கேன்."