முதுகுப் பக்கம் பொன் ஒட்டுபவர்

தற்பெருமைக்காரரை உங்களுக்குத் தெரியும். பாவம், ஒளிவுமறைவு இல்லாதவர். நான் சொல்ல வந்தது வேறொரு பிறவி: செய்த புண்ணியம் யாருக்கும் தெரியக்கூடாது என்று ஊர் முழுக்கச் சொல்லி வைப்பவர்.

எங்கள் தாய்லாந்தில் ‘புத்தரின் முதுகில் பொன் ஒட்டுவது’ என்றால், யார் கண்ணிலும் படாமல் நல்லது செய்வது. ஆங்தோங் ஊர்க்காரர் விச்சியன் அதை அப்படியே செய்பவர். மலைபோல் அமர்ந்திருக்கும் பெரிய புத்தருக்கு ஊதுபத்தி கொளுத்தி, விழுந்து கும்பிட்டு, பொன்தாளை விரல் நுனியில் ஏந்தி, பீடத்தின் முன்பக்கம் ஒட்டுகிறவர்களைக் கருணையோடு ஒரு பார்வை பார்த்து, பலமாகச் செருமி, கூட்டம் திரும்பிப் பார்த்த பிறகே பின்பக்கம் நடப்பார்.

"எதுக்குங்க இந்தச் செருமல்?" என்பாள் மனைவி லம்துவன்.

"ஊதுபத்திப் புகைடி."

"பின்னாடி போனதும் நின்னுடுதே!"

இம்முறை விஷயம் பெரிது. பிக்குகளுக்குக் காவித்துணி வழங்கும் விழாவுக்குத் தலைமை தாங்க வேண்டுமென்று விச்சியனுக்குப் பல வருஷ ஆசை. ஒருவரும் கூப்பிடவில்லை, மனசுக்குள் வலிக்கத்தான் செய்தது. கோயிலின் பெரிய பிக்குவோ, விளம்பரம் தேடாதவருக்கே இந்த வருஷத் தலைமை என்று முன்பே அறிவித்துவிட்டார்.

விடுவாரா விச்சியன்? செருமினார், பீடத்தைச் சுற்றிப் பின்னால் போனார். ஊரே அங்கேதான் நின்றது! அரிசி ஆலை பூன்மி செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, வரிசையில வாங்க! விடியக்காலையிலேருந்து நாங்க அடக்கமா நிக்கிறோம்!"

"ஒட்ட இடமிருக்கா?"

"எங்கண்ணே இருக்கு? அடுக்கடுக்கா ஒட்டியாச்சு."

பூசை மணி அடித்தது. கையில் பொன்தாள் கசங்கியது. வேறு வழியில்லாமல் முன்பக்கம் ஓடிவந்தார். அங்கே ஈ காக்கை இல்லை. ஒட்டினார். செருமினார். திரும்பிப் பார்க்கத்தான் ஆளில்லை. வாழ்நாளில் முதன்முறையாக யாருக்கும் தெரியாமல் ஒரு புண்ணியம் செய்துவிட்ட விச்சியனுக்கு அழுகையே வந்துவிட்டது.

பூசை முடிந்து எல்லோரும் உட்கார்ந்ததும் பெரிய பிக்கு சொன்னார்: "முன்பக்கம் புதுசா ஒரே ஒரு பொன்தாள் இருக்கு. ஒட்டினது யாருன்னு தெரியல. விழாவன்னிக்கு நானே கண்டுபிடிச்சுக் கூப்பிடறேன். அதுவரைக்கும் வாயைத் திறக்காம இருந்தா, தலைவர் அவர்தான்."

விச்சியன் நிமிர்ந்து உட்கார்ந்தார். லம்துவன் கணவனின் தொடையை அழுத்திக் கிள்ளினாள்.

விச்சியன் செருமினார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். யாரிடமும் சொல்லாமல் நீங்கள் செய்த உதவி ஒன்று இப்போது நினைவுக்கு வருகிறதே, தொண்டை லேசாகக் கரகரக்கவில்லையா?